பிறப்பதற்கு முன் ஊசி போட்ட கிடேரிகள்

அன்று காலை ஆறு மணிக்குச் சாவடியில் இருந்தவர்கள்:

வெர்லின் ஸ்கார், கால்நடைச் சோதகர்.
ஆர்லோ பிராட்வால்ட், மாடுகளின் சொந்தக்காரன், வயது முப்பத்தொன்று.
ஹெர்ஷல் பிப்கின், லாரி ஓட்டுநர்.
முப்பத்தாறு சினைக் கிடேரிகள், எல்லாம் கறுப்பு.
கார்வின், எடைமேடையின் இரவுப் பணியாள்.

வெர்லின் எந்த அறிக்கையையும் இப்படித்தான் தொடங்குவார். யார் இருந்தார்கள் என்பது முதலில், என்ன நடந்தது என்பது பிறகு. ஹெர்ஷலின் நாயை அவர் எழுதவில்லை. அது வண்டியை விட்டு இறங்கவே இல்லை. பட்டியலில் கடைசியாக இருக்கும் கார்வின் நான். என் முறை ஆறு மணியோடு முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போயிருந்தால் அந்தப் பட்டியலில் என் பெயர் வந்திருக்காது.

எங்கள் சாவடி மொன்டானாவும் வயோமிங்கும் தொட்டுக்கொள்ளும் கோட்டில், வயோமிங் பக்கம் இருக்கிறது. மாடு ஏற்றிய வண்டி எதுவானாலும் நிற்க வேண்டும். கசாப்புக்கு நேரே போகிற மாடென்றால் தாளைப் பார்த்து அனுப்பிவிடுவோம். வளர்க்கவும் கன்று போடவும் போகிற பெண் மாடென்றால்தான் வேலை. மொன்டானா மலைப்பக்கத்து எல்க் மான்களிடம் கன்று வீச்சு நோய், சினையைக் கலைத்துவிடும் தொற்று, இருக்கிறது. மான் வேலியைத் தாண்டும், மாட்டோடு சேர்ந்து வைக்கோல் தின்னும். ஆகவே அங்கிருந்து வரும் கிடேரிக்கு முப்பது நாளுக்குள் எடுத்த ரத்தப் பரிசோதனை வேண்டும், ஒரு வயது ஆவதற்குள் போட்ட தடுப்பூசி வேண்டும், ஊசி போட்டதற்கு அடையாளமாக வலது காதில் ஆரஞ்சு நிறத் தகடும் காதுக்குள் குத்திய பச்சையும் வேண்டும். பச்சையில் ஓர் எழுத்து, ஒரு கேடயம், ஓர் இலக்கம். இலக்கம் ஊசி போட்ட ஆண்டின் கடைசி எண்.

வெர்லின் வழக்கமாக மூன்று காது பார்ப்பார். மாட்டை நிறுத்திப் பிடிக்கும் இரும்புக் கூண்டில் ஒவ்வொன்றாக விட்டு, காதின் பின்புறம் டார்ச்சை வைப்பார். வெளிச்சம் தோலைத் துளைத்து வரும்போது பச்சை மை இலை நரம்பு போலத் தெரியும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். எடைமேடைக்காரனுக்கு அங்கே வேலை இல்லை என்றாலும் வேலி ஓரம் போய் நிற்பேன்.

முதல் காதில் இரண்டு. சரி. மாடுகளோடு வந்த மருத்துவரின் சான்றிதழ்படி இந்த ஆண்டு, 2022 ஜனவரியில் போட்ட ஊசி. இரண்டாவது காதில் வெர்லின் டார்ச்சை எடுக்கவே இல்லை. கையுறையைக் கழற்றி விரலால் மெழுகைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"கார்வின், நீ கொஞ்சம் பாரு. என் கண்ணு பழசு."

பார்த்தேன். "சைபர்."

"எனக்கும் சைபர்தான் தெரியுது."

மூன்றாவதிலும் சைபர்.

ஆர்லோ கூண்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். ஒல்லியானவன், தொப்பிக்குக் கீழே காது சிவந்திருந்தது. "என்ன மேடம், ஏதாச்சும் பிரச்சினையா?"

"இதுங்க எப்பப் பொறந்தது?"

"போன வருஷம் ஏப்ரல்ல. எல்லாமே ஏப்ரல்."

"காதுல ரெண்டாயிரத்து இருபதுல ஊசி போட்டதா இருக்கு. பொறக்குறதுக்கு முன்னாடியே ஊசி போட்டிருக்கீங்க தம்பி. தாய் வயித்துக்குள்ள கையை விட்டுப் போட்டீங்களா?"

ஹெர்ஷல் வண்டியின் படியில் உட்கார்ந்து எல்க் உப்புக்கண்டம் மென்றுகொண்டிருந்தார். "இந்தக் காலத்துல எல்லாமே முன்கூட்டியே பண்றாங்க அம்மா. என் மருமக இன்னும் பொறக்காத புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல இடம் போட்டுட்டா."

அவர் நாய்க்கு ஒரு துண்டு கொடுத்தார்.

ஆர்லோவின் நிலைமையை ஹெர்ஷல் எடைமேடையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். அவன் குத்தகைக்கு வைத்திருந்த நிலத்தின் கெடு நேற்றோடு முடிந்துவிட்டது. அந்த வாசலில் இப்போது வேறொருவனின் பூட்டு தொங்குகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஹல்வர்சன் என்ற வாரிசில்லாத பண்ணைக்காரர், ஊசி போட்ட சினைக் கிடேரிகளோடு பனி மூடுவதற்கு முன் வந்தால் மேய்ச்சல் நிலத்தில் பாதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். ரத்தப் பரிசோதனைக்கு அன்று முப்பதாவது நாள். மத்தியானம் மலைப்பாதையை அடைத்துவிடுவார்கள் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. திருப்பி அனுப்பினால் அந்த முப்பத்தாறையும் இறக்க அவனுக்கு ஒரு முழம் இடம் இல்லை. பச்சையும் ஊசியும் கேட்காமல் அவற்றை வாங்கிக்கொள்ளும் ஒரே இடம் கசாப்புக்கூடம்.

"வயசான மாட்டை இளசுன்னு ஏத்தியிருப்பாங்களோ?" என்று நான் வெர்லினிடம் கேட்டேன். குற்றம் சொல்ல அல்ல. எனக்கு அது என்னவென்று தெரிய வேண்டியிருந்தது. விடிய விடிய லாரிகளின் எடையை எழுதுகிறவனுக்கு இப்படி ஒன்று எப்போதாவதுதான் கிடைக்கும்.

"வாயைத் திறந்து பாத்தா தெரிஞ்சிட்டுப் போகுது. நீதானே மூணு வருஷம் படிச்சே."

"பாதி டாக்டரு, பல்லு பாக்க ஃபீஸ் எவ்ளோ?" என்றார் ஹெர்ஷல்.

"உங்களுக்குன்னா இலவசம். பல்லு இருந்தா."

கால்நடை மருத்துவப் படிப்பை நான் பாதியில் விட்டது சாவடியில் எல்லோருக்கும் தெரியும். ஏன் விட்டாய் என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறேன். எதுவும் பொய்யில்லை.

சைபர் இருந்த கிடேரியின் கீழுதட்டை இழுத்துப் பார்த்தேன். நடுவில் இரண்டு பெரிய பல், அதுவும் பாதி முளைத்தது. இருபுறமும் பால் பல். அடுத்ததும் அப்படியே. இருபதில் ஊசி போட்ட மாடென்றால் நாலு பல்லாவது போட்டிருக்கும்.

"ரெண்டு பல்லு. ஏப்ரல்ல பொறந்ததுதான். மாடு பொய் சொல்லல, பச்சைதான் பொய் சொல்லுது."

ஆர்லோ மூச்சு விட்டான். வெர்லின் விடவில்லை.

"அப்படின்னா இன்னும் மோசம்," என்றார். "மாடு சரி, தகடு சரி, பச்சை மட்டும் தப்பு. ஊசியே போடாம எவனோ பச்சை குத்துற பழைய இடுக்கியை வாங்கி வீட்டுல வெச்சுக் குத்தியிருக்கான்னு அர்த்தம்."

"நான் குத்தல மேடம்."

"நீங்கன்னு நான் இன்னும் சொல்லல."

"டாக்டர்தான் வந்து போட்டாரு. எங்க தொழுவத்துல வெச்சு, ஜனவரியில. நான் அன்னிக்கு ஊர்ல இல்ல, தங்கச்சி கல்யாணம். எங்க வேலையாள்தான் மாட்டை ஓட்டி விட்டான். அவன் இப்ப அலாஸ்கா போய்ட்டான்."

"சௌகரியமா போய்ட்டான்."

வெர்லினைக் கெட்டவர் என்று நினைக்க வேண்டாம். இரண்டு குளிர்காலத்துக்கு முன் அவர் காது பார்க்காமல் விட்ட ஒரு வண்டியால் ஒரு பண்ணையின் மாடுகள் முழுவதையும் கொன்று புதைத்தார்கள். அந்தப் பண்ணைக்காரர் இப்போதும் அவரைக் கடையில் பார்த்தால் வணக்கம் சொல்கிறாராம். அதுதான் தாங்கவில்லை என்று ஒருமுறை சொன்னார்.

ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஊசி போட்டதா என்று தெரியாதா என்று ஆர்லோ கேட்டான். தெரியாது. அந்த ஊசி ரத்தப் பரிசோதனையில் எந்தத் தடயமும் காட்டாதபடி செய்யப்பட்டது. காட்டினால் நோய் வந்த மாட்டையும் ஊசி போட்ட மாட்டையும் பிரித்தறிய முடியாது. ஆகவே காதில் இருக்கும் பச்சை மட்டும்தான் சாட்சி.

அப்போதுதான் அந்த யோசனையைச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன்.

"முப்பத்தாறையும் பாத்துடலாமே. தகடு எண் வரிசையா எழுதி, பக்கத்துல இலக்கத்தை எழுதிப் பாப்போம். கலந்து கலந்து வருதா, ஒரு ஒழுங்கா வருதான்னு தெரிஞ்சா என்ன நடந்துச்சுன்னு தெரியும்."

"உனக்கு வீட்டுக்குப் போற எண்ணமே இல்லையா?"

"வீட்டுல இதைவிட சுவாரசியமா ஒண்ணும் இல்ல."

ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆர்லோ ஓட்டினான், நான் கூண்டைப் பிடித்தேன், வெர்லின் படித்தார், ஹெர்ஷல் தன் எடைச்சீட்டின் பின்புறத்தில் எழுதினார். எழுத்து கோழி கிளறியது போல இருந்தாலும் எண்கள் சரியாக இருந்தன. கிடேரிகளின் மூச்சு கூண்டின் கம்பிகளில் உறைந்து வெள்ளையாகப் படிந்தது. விடிந்தது. எல்லாவற்றையும் அறைக்குள் கொண்டுபோய் நான் வரிசைப்படுத்தினேன்.

தகடு எண்களின் கடைசி இரண்டு இலக்கம் ஒன்று முதல் முப்பத்தாறு வரை விட்டுப்போகாமல் இருந்தது. ஒன்றிலிருந்து பதினேழு வரை எல்லாவற்றிலும் பச்சையின் இலக்கம் இரண்டு. பதினெட்டிலிருந்து முப்பத்தாறு வரை எல்லாவற்றிலும் சைபர். நடுவில் ஒன்றுகூடப் பிசகவில்லை. கத்தியால் வெட்டியது போலப் பதினேழோடு ஒன்று நின்று, பதினெட்டில் வேறொன்று தொடங்கியிருந்தது.

எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை. ஒரு கணக்குப் புதிர் விடுபடும்போது வருமே, அந்தச் சந்தோஷம்.

வெர்லின் தாளைத் தன் பக்கம் திருப்பினார். "பதினேழுக்கு டாக்டர் ஊசி போட்டிருக்காரு. மருந்து தீந்திருக்கும், இல்லன்னா நேரமாயிருக்கும். மிச்சத்துக்குத் தகடு மட்டும் வாங்கி வெச்சுக்கிட்டு இவங்களே குத்தியிருக்காங்க. இதுக்கு மேல தெளிவா யாரும் எழுதிக்கூடக் குடுக்க முடியாது."

ஆர்லோ தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் காப்பாற்றும் என்று நினைத்து ஒன்றரை மணி நேரம் அவனே ஓட்டி ஓட்டிச் சேர்த்த தாள் அது.

"டாக்டரைக் கேளுங்க," என்றான். "ஆய்லர் டாக்டர். வெண்டல் ஆய்லர்."

அதுவரை நான் சான்றிதழின் கையெழுத்தைப் பார்க்கவில்லை. எடைமேடைக்காரனுக்கு அந்தத் தாள் வராது. இப்போது பார்த்தேன். சாய்ந்த எழுத்து, கடைசியில் தூண்டில் முள் போல ஒரு வளைவு. அந்த வளைவை ஒரு குளிர்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

படிப்பை விட்டதும் இரண்டு மாதம் ஆய்லரிடம் வேலை பார்த்தேன். அவர் ஊசி போடுவார், நான் தகடு மாட்டிப் பச்சை குத்துவேன். பிறகு இந்தச் சாவடி வேலைக்கு மனு போட்டேன். மனுவில் ஒரு கேள்வி இருந்தது: கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்தப் பகுதியின் கால்நடை மருத்துவர் யாரிடமாவது வேலை செய்ததுண்டா? உண்டு என்றால் எடுக்க மாட்டார்கள். தெரிந்தவர்களின் வண்டியைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவோமாம். இல்லை என்று எழுதினேன். அதன் கீழே, பொய்யானால் வேலை போகும் என்ற வரிக்குப் பக்கத்தில், கையெழுத்தும் போட்டேன்.

வெர்லின் ஆய்லரைத் தொலைபேசியில் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டார். கிழவர் காலை உணவை மென்றுகொண்டே பேசினார்.

"என் இடுக்கியில தப்பா? ஏம்மா, நாப்பத்தி மூணு வருஷமா ஜனவரி ஒண்ணாந்தேதி சாப்பிட்டு முடிச்சதும் மேசையை விட்டு எந்திரிக்காம இலக்கத்தை மாத்துவேன். என் பொண்டாட்டியைக் கேளுங்க. மேசை விரிப்பு பூரா பச்சை மைன்னு இன்னிக்கும் திட்டுறா."

"முப்பத்தாறுக்கும் நீங்கதான் ஊசி போட்டீங்களா?"

"முப்பத்தாறுக்கும். என் கையால."

"காதுல யாரு குத்துனது?"

"உதவிக்கு ஒரு பையன் இருந்தான். நல்ல பையன். பேரு சட்டுனு வர மாட்டேங்குது."

அவருக்குப் பெயர் நன்றாகத் தெரியும். நான் எங்கே வேலை செய்கிறேன் என்பதும் தெரியும்.

"அப்ப பத்தொன்பது மாட்டுல சைபர் எப்படி வந்துச்சு?"

"அது எனக்குத் தெரியல," என்றார் ஆய்லர். "தெரிஞ்சா சொல்ல மாட்டேனா."

வெர்லின் வைத்துவிட்டார். "கையெழுத்தைக் காப்பாத்திக்கப் பேசுறாரு. தலைநகரத்துல நம்ம துறை ஆபீஸ்ல எட்டு மணிக்கு ஃபோன் எடுப்பாங்க. பத்தொன்பதைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிடுறேன். பதினேழு வேணும்னா போகட்டும்."

"பதினேழை வெச்சுக்கிட்டு ஹல்வர்சன்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்றான் ஆர்லோ. "பொய்ப் பச்சைன்னு நீங்க எழுதுனா அவரு என்னை வாசல்லயே நிறுத்திடுவாரு."

"அதை நீங்க யோசிச்சிருக்கணும் தம்பி."

ஹெர்ஷல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கசாப்புக்கூடத்துக்கு எந்த வழி பக்கம் என்று அவர் மனதில் ஏற்கெனவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். ஓட்டுநர்கள் அப்படித்தான்.

பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்று அந்த அறையில் ஒருவனுக்குத்தான் தெரியும். அவனுக்கும் இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் தெரிந்தது.

அன்று மிகவும் குளிர். மருந்துப் புட்டி உறைந்துவிடாமல் இருக்க ஆய்லர் அதைப் பண்ணை வீட்டின் சமையலறையில் வைத்திருந்தார். ஒரு புட்டி தீர்ந்ததும் அடுத்ததை எடுக்கப் போனார். அந்த நேரத்தில் ஒரு கிடேரி தலையை உதறியது, இடுக்கி என் கையிலிருந்து விழுந்தது, அது அதன் மேல் காலை வைத்தது. தாடை கோணிவிட்டது. புது இடுக்கி, நான் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஓடிப்போய் அவர் வண்டியின் இருக்கைக்கு அடியில் துழாவினேன். பிரசவச் சங்கிலிகளுக்குக் கீழே மரப்பிடி போட்ட பழைய இடுக்கி ஒன்று கிடைத்தது. அதில் என்ன இலக்கம் என்று நான் பார்க்கவில்லை. விரல் மரத்திருந்தது, அவர் திரும்பி வருவதற்குள் கையில் ஏதாவது ஓர் இடுக்கி இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே யோசனை. கோணியதைப் பெட்டியின் அடியில் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

அதை அவர் ஒரு நாள் கண்டிருப்பார். என்னை எதுவும் கேட்டதில்லை.

"வெர்லின், மறுபடி ஃபோன் போடுங்க," என்றேன்.

"எதுக்கு?"

"அந்தப் பையன் நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். ஹெர்ஷல் மெல்வதை நிறுத்தினார். ஆர்லோவுக்கு நான் சொன்னது உடனே புரியவில்லை, என் பெயரை ஏதோ சாட்சிக்குச் சொல்கிறேன் என்று நினைத்தான்.

"யோசிச்சுப் பேசு," என்றார் வெர்லின். "மனுவுல நீ என்ன எழுதுனேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு."

"எனக்கும்தான்."

அவர் எண்ணை அழுத்தினார். ஆய்லர் முதல் மணியிலேயே எடுத்தார், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது போல.

"டாக்டர், நான் கார்வின். அன்னிக்கு இடுக்கி ஒடஞ்சது என்னாலதான். மருந்து எடுக்க நீங்க வீட்டுக்குள்ள போனப்ப. மிச்சத்தை வேற இடுக்கியில குத்துனேன்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"எந்த இடுக்கி?"

"மரப்பிடி போட்டது. சீட்டுக்கு அடியில இருந்துச்சு."

"அடப்பாவி. ரெண்டு வருஷமா அதைத் தேடுறேன்டா. எங்கப்பா குடுத்தது. தொலஞ்சு போச்சுன்னு பொண்டாட்டிகிட்ட வேற சண்டை. இப்ப எங்க இருக்கு?"

"எடுத்த எடத்துலயே வெச்சேன்."

"இரு." கதவு திறக்கும் சத்தம், பனியில் காலடி, வண்டிக்கதவு, சங்கிலிகள் உருளும் சத்தம். நாங்கள் நாலு பேரும் ஒரு தொலைபேசியைச் சுற்றி நின்று ஒரு கிழவர் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நேரம் ஏழு ஐம்பது.

"இருக்கு," என்றார் கடைசியில். "ஸ்கார் அம்மா, கேக்குறீங்களா? இதுல சைபர் மாட்டியிருக்கு. படம் எடுத்து அனுப்புறேன். ஊசி முப்பத்தாறும் நான் போட்டது. மருந்து வாங்குன கணக்கும் ரெண்டு புட்டி காலியானதும் என் ஏட்டுல இருக்கு, அதையும் அனுப்புறேன்." பிறகு தணிந்த குரலில், "கார்வின், அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டிருப்பேனே," என்றார்.

"தெரியும் டாக்டர்."

எட்டு மணிக்குத் தலைநகரத்தில் எடுத்தார்கள். வெர்லின் முக்கால் மணி நேரம் பேசினார். இடுக்கியின் படம் போனது, மருந்து ஏட்டின் பக்கம் போனது, எங்கள் வரிசைத் தாள் போனது. கத்தியால் வெட்டியது போல இருந்த அதே ஒழுங்கு இப்போது வேறு விதமாகப் பேசியது. ஊசி போட்டவர் ஒருவர், இடுக்கி இரண்டு. குத்தியவன் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும், எந்த நாள், எந்த இடம், யாருடைய வேலையாள் என்று எல்லாம் வர வேண்டும் என்றார்கள். எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. யாருடைய வேலையாள் என்ற இடத்தில் ஆய்லர் பெயரை எழுதும்போது வெர்லின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒன்பதரைக்கு அனுமதி எண் வந்தது. சான்றிதழின் ஓரத்தில் அதை எழுதி முத்திரை வைத்தார்.

கிடேரிகளை மறுபடி ஏற்றினோம். பதினெட்டாம் எண் கடைசி வரை ஏற மறுத்தது. ஆர்லோ அதன் பின்னால் நின்று முதுகைத் தட்டிக்கொண்டே என்னிடம், "வேலை போய்டுமா?" என்று கேட்டான்.

"போய்டும்."

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

"ஒண்ணும் சொல்லாத. உன் மாட்டு காதைக் கெடுத்ததே நான்தான்."

அவன் யோசித்தான். "அதுவும் சரிதான்," என்றான். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

ஹெர்ஷல் ஏறுவதற்கு முன் உப்புக்கண்டப் பொட்டலத்தை என் கையில் திணித்தார். "வெச்சுக்க பாதி டாக்டரு. எல்க்தான். நல்லா வெந்தது, நோய் வராது." வண்டி நகர்ந்தது. நாய் ஜன்னலில் முகத்தை வைத்து எங்களைப் பார்த்தது.

அந்தப் பத்தொன்பதும் இனி பத்து வருஷமாவது கன்று போடும். விற்பார்கள், வேறு கோடு தாண்டும், வேறு சாவடியில் யாராவது காதுக்குப் பின்னால் விளக்கை வைப்பார்கள். பிறப்பதற்கு முன் ஊசி போட்ட மாடா என்று அவரும் நிற்பார். அவர் கையில் அனுமதி எண் எழுதிய தாள் இருக்குமா, இல்லையென்றால் பல்லைப் பார்ப்பாரா என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன்.

வெர்லின் என் மனுவை மேசைமேல் எடுத்து வைத்திருந்தார். அறிக்கையும் பக்கத்தில் இருந்தது. யார் இருந்தார்கள் என்ற பட்டியல் முடிந்து, என்ன நடந்தது என்ற பகுதி தொடங்கியிருந்தது.

"நான் எழுதித்தான் ஆகணும்," என்றார்.

"எழுதுங்க."

"நீ மட்டும் வீட்டுக்குப் போயிருந்தா, பத்தொன்பதைத் திருப்பி அனுப்பிட்டு நான் நிம்மதியா தூங்கியிருப்பேன். தப்பா தூங்கியிருப்பேன், ஆனா தூங்கியிருப்பேன்." கையை நீட்டினார். "சாவி."

வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். எடைமேடைச் சாவி, அறைச் சாவி, இரண்டும். மேலங்கியை மாட்டிக்கொண்டு, என் காபிக் கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பனி விழத் தொடங்கியிருந்தது. எடைமேடையில் லாரியின் சக்கரத்தடம் ஏற்கெனவே பாதி மூடிவிட்டது. எனக்குப் பின்னால் வெர்லின் கதவைச் சாத்தினார். என் சாவியைப் போட்டு உள்ளேயிருந்து பூட்டினார்.